தரிசு என்னும் சொல்லும் மண்ணின் கரிமமும்

உழவு நின்ற நிலத்தில் வேரும் சருகும் மட்கி, மண்ணின் கரிமம் மெல்ல ஏறும் என்கிறது அறிவியல். அந்த ஏற்றம் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். மழை குன்றிய, மேய்ச்சல் மிகுந்த நிலத்தில் அதுவும் உறுதியில்லை. 0.5 விழுக்காட்டுக்குக் கீழான கரிமத்தை நம் மண் ஆய்வுக்கூடங்கள் 'குறைவு' என்கின்றன. அக்குறைவைக் காட்டித் தரிசில் மரம் வளர்த்துக் கரிம வரவு ஈட்டலாம் என்போரிடம் நாம் கேட்பது ஒன்றே: அந்நிலம் ஏன் தரிசானது?

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களை எடுத்துக்கொள்வோம். ஒடுக்கப்பட்டோர் அல்லாதார்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனையை மீறி அவை கைமாறின. எஞ்சியவற்றில் கிணறும் கடனும் இல்லாதவர் எங்ஙனம் பயிரிடுவர்? கூலிக்குப் போயினர், சீமைக்கருவேலம் ஏறியது. 1994இல் காரணை நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தனர்.

கைமாறிய நிலம் மனையாகும்போது, கரிமம் செறிந்த மேல்மண்ணே முதலில் வழிக்கப்படுகிறது. (மனை போட்டவரிடம் கரிமக் கணக்கு எவரும் கேட்பதில்லை.) தொழுவுரமும் பசுந்தாளும் இட்டால் பயிர் நிலத்திலேயே கரிமம் கூடும்; அதற்குப் பட்டாவும் நீரும் வேண்டும். ஆகவே, எந்தத் தரிசில் மரக்கன்று நடுமுன்னும், அது பஞ்சமி நிலமா என்று வட்டாட்சியர் 'அ' பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறோம்.