பறவை நோக்குதலும் பண்பாடும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

பறவைகளைப் பார்த்துப் பழகுவது சிறந்த பொழுதுபோக்கு. அதைவிடச் சிறந்த கல்வி. நம் செஞ்சியில் அதற்குக் குறைவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளின் பாறைகளும் புதர்களும், கோட்டைக்குள் இருக்கும் குளங்களும் பறவைகளுக்குப் புகலிடம். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடி வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள்.

வருவது மகிழ்ச்சியே. வந்த இடத்தில் சிலர் நடந்துகொள்ளும் முறைதான் வருந்தத்தக்கது. பாறை இடுக்கில் பகலில் அடங்கியிருந்த ஆந்தையை, பறக்கும் நிலையில் படமெடுக்க வேண்டி, ஒரு குழுவினர் கைதட்டிக் கிளப்பியதைக் கோட்டையில் நானே கண்டேன். வெளியே வந்த ஆந்தையைக் காக்கைகள் சூழ்ந்து விரட்டின. படமெடுத்தவர்களோ அடுத்த பறவையைத் தேடிப் போய்விட்டார்கள்.

கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது இன்னொரு வழக்கம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை அதைத் தன் எல்லைக்குள் நுழைந்த எதிரியின் குரலென்று எண்ணி விரைந்து வருகிறது. இரை தேடவும் கூட்டைக் காக்கவும் வேண்டிய நேரமும் வலிமையும், இல்லாத எதிரியைத் தேடுவதில் வீணாகின்றன. கூட்டைப் படமெடுக்கக் கிளைகளை விலக்குவது இன்னும் கொடிது. தாய் அஞ்சிப் பறந்துவிட்டால், செஞ்சி வெயிலில் முட்டையும் குஞ்சும் என்ன ஆகும்? மறைப்பு விலகிய கூடு காக்கையின் கண்ணில் படாதா? 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. துப்பாக்கி இல்லாமலும் வேட்டையாட முடியும் என்று சட்டமே சொல்லுகிறது!

படங்களைப் பார்த்துத்தானே மக்களுக்குப் பறவைகள் மேல் அன்பு பிறக்கிறது என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் அந்த அன்பு படத்தின் மேலா, பறவையின் மேலா? தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று வாதாடி, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் உரிமைப் பத்திரம் பெற்ற வேடந்தாங்கல் மக்களிடம் கேமரா இல்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று, தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை நூல்களைப் படித்து அவர்கள் இதைக் கற்கவில்லை. குழந்தைகளின் தீபாவளி மகிழ்ச்சியையே ஓர் ஊரால் விட்டுக்கொடுக்க முடிகிறது; ஒரு படத்தை விட்டுக்கொடுக்க நம்மால் முடியாதா?

ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதில் பங்குகொள்ளும் மாணவ நண்பர்கள் சில நெறிகளை ஏற்க வேண்டும். குரலை ஒலிக்கவிடக் கூடாது. கூட்டை நெருங்கவோ, அது இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்கவோ கூடாது. இரை எடுக்கும் பறவை தலைதூக்கி நம்மைப் பார்த்தால், அதற்குமேல் ஓர் அடியும் வைக்காமல் பின்வாங்க வேண்டும். களப்பயணத்துக்கு முன் இவற்றை நம் விரிவுரையாளர்கள் எடுத்துச் சொன்னால் பெரும் பயன் விளையும்.

எத்தனை வகைப் பறவைகளைக் கண்டோம் என்பது மட்டும் கணக்கல்ல. அவற்றுள் எத்தனை, நம்மைப் பொருட்படுத்தாமல் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன என்பதே நல்ல பறவை நோக்குநருக்கு அடையாளம்.