'மறுகா'ன்னா என்ன சிஸ்?

இணையத்தில் தொடர்கதை எழுதுகிற பிள்ளைகளைப் பற்றிக் கதையெடுத்தால் எங்கட இலக்கிய வட்டங்களில் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அதெல்லாம் இலக்கியமா?" மற்றது, "உதுகள் லைக்குக்கு எழுதுறதுகள்." இப்படிச் சொல்லுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கதைகளில் ஒன்றையாவது கடைசி அத்தியாயம் வரை வாசித்தவர்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நான் வாசிக்கிறேன். எக்ஸாம் கிழமையிலும் வாசிக்கிறேன். பிடிக்காதது நிறைய இருக்கு (கன்னத்தில அறைஞ்சுபோட்டு அடுத்த அத்தியாயத்தில காதலிக்கிற அந்த ஆன்டி ஹீரோக்களை எப்பதான் விடப்போறீங்களோ தெரியேல்ல). ஆனால் நான் எழுத நினைத்தது கதைகளைப் பற்றி இல்லை. கதை முடிகிற இடத்துக்குக் கீழே, எழுதுகிறவளுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் இடையில் நடக்கிற உரையாடலைப் பற்றி.

பிரதிலிபி, வாட்பேட் பக்கம் போகாதவர்களுக்காக: ஒரு அத்தியாயம் வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கீழே கருத்துகள் விழத் தொடங்கும். "செம எபி", "ஐயோ அவனைக் கொன்றாதீங்க சிஸ்", "அடுத்தது எப்ப?" எழுதியவர் ஒவ்வொருவருக்கும் பதில் போடுவார். பெரும்பாலும் பெண்கள். அநேகமாய்ப் புனைபெயர். வீட்டில் யாருக்கும் தெரியாமல் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியான ஒருத்திக்கு, தன் எழுத்தை வாசித்து "நான் அழுதிட்டன்" என்று முகம் தெரியாத ஒருவர் சொல்லுவது சின்ன விஷயமில்லை. எங்கட ஊர்ச் சஞ்சிகைகளுக்குக் கதை அனுப்பிவிட்டுப் பதிலே வராமல் காத்திருந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இது புதுசும் இல்லை. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதி முடித்தபோது, பாத்திரங்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளை எடுத்துவைத்துப் பதில் சொல்ல ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் கோனன் டொயில் 1893இல் ஷெர்லொக் ஹோம்ஸைக் கொன்றார், வாசகர்கள் விடவில்லை, 1903இல் அவனை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார். தொடராய் எழுதுகிறவருக்கு வாசகர் எப்பவும் பக்கத்துக் கதிரையில்தான் இருந்திருக்கிறார். முந்தி அது தபாலில் வந்தது, கிழமைக் கணக்கில். இப்ப நிமிஷக் கணக்கில்.

இந்த உரையாடல் ஒரு அமெச்சூர் எழுத்தாளரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அன்டி வெயர். அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்த்தவர். முந்தி எழுதிய நாவல் ஒன்றைப் பிரசுரிக்க முயன்று சரிவரவில்லை. 2009இல் 'த மார்ஷியன்' என்ற கதையைத் தன் சொந்தத் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாய் இலவசமாகப் போடத் தொடங்கினார். செவ்வாயில் தனியாக விடப்பட்ட ஒருவன் உருளைக்கிழங்கு நட்டு உயிர் பிழைக்கிற கதை. வாசிக்க வந்தவர்களில் விஞ்ஞானம் படித்தவர்கள் நிறையப் பேர். இரசாயனவியல் தெரிந்த ஒருவர் "இந்தக் கணக்குப் பிழை" என்று எழுதுவார், வெயர் திருத்துவார். கிண்டிலில் வாசிக்கக் கூடிய மாதிரிப் போடுங்கள் என்று கேட்டதும் வாசகர்கள்தான். 2011இல் அங்கே விடக்கூடிய ஆகக் குறைந்த விலையான 99 சதத்துக்குப் போட்டார். 2014இல் பெரிய பதிப்பகம் ஒன்று புத்தகமாக்கியது, 2015இல் ரிட்லி ஸ்கொட் படமாக எடுத்தார்.

இந்தக் கதையை எல்லாரும் "கனவு மெய்ப்பட்டது" என்ற மாதிரிச் சொல்லுவார்கள். எனக்கு அதில் வேறொன்றுதான் முக்கியம். அந்த வாசகர்கள் திருத்தத் திருத்தக் கதை இன்னும் துல்லியமாகிக்கொண்டு போனது. அதே நேரம், எல்லாவற்றையும் அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. கதையின் தொடக்கத்தில் வருகிற புயல் உண்மையில் சாத்தியமில்லை. செவ்வாயில் வளிமண்டல அமுக்கம் பூமியில் இருப்பதன் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு, அங்கே அடிக்கிற காற்றுக்கு ஆளைத் தூக்கியெறிகிற பலம் இல்லை. அது வெயருக்கு எழுதும்போதே தெரியும். கதைக்குப் புயல் தேவை, அதனால் வைத்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எதைத் திருத்துவது, எதை வைத்திருப்பது என்ற முடிவு அவர் கையில்தான் இருந்தது.

இனி எங்கட பக்கம் வருவோம்.

எனக்குத் தெரிந்த ஒருத்தி மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை, எங்கட பீடம்தான். இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஃபோனிலேயே எழுதுவாள். அவளுடைய தொடரில் ஒரு தாய். மகன் ஒருநாள் வாசலில் நின்று "மறுகா வாறன்" என்று சொல்லிப்போட்டுப் போகிறான். திரும்பி வரவில்லை. அந்தத் தாய் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். யார் எந்த அலுவலுக்கு "மறுகா" என்றாலும் திடுக்கிட்டு நிமிருகிறாள். நல்ல அத்தியாயம். கீழே நான்கைந்து பேர்: "மறுகான்னா என்ன சிஸ்?" "உங்க ஸ்லாங் புரியல, ஆனா ஸ்டோரி சூப்பர்." அடுத்த நாள் அவள் போய் எல்லா 'மறுகா'வையும் 'அப்புறம்' ஆக்கிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. மட்டக்களப்பில் ஒரு தாய், காணாமல் போன தன்ர பிள்ளை கடைசியாய்ச் சொன்னது "அப்புறம் வரேன்" என்று நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள். வாசிக்க எனக்கு வயிறு எரிந்தது.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. கொஞ்சநாள் கவனித்துப் பாருங்கள். இலங்கையில் இருந்து எழுதத் தொடங்குகிற ஒருவரின் முதல் தொடரில் 'கதைத்தாள்', 'தேத்தண்ணி', 'பாண்', 'கம்பஸ்', 'போடிங்' எல்லாம் இருக்கும். மூன்றாவது தொடரில் 'பேசினாள்', 'டீ', 'பிரெட்', 'காலேஜ்', 'ஹாஸ்டல்'. ஐந்தாவது தொடரில் கதாநாயகன் கோயம்புத்தூரில் மில் முதலாளியாக இருப்பான். எழுதுகிறவர் கோயம்புத்தூரைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். வெயரின் வாசகர்கள் கதையை அது நடக்கிற இடத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். இங்கே ஒவ்வொரு கருத்தும் கதையை அதன் இடத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழட்டி எடுக்கிறது.

தமிழ்நாட்டு வாசகர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. அவர்கள் கேட்கிறது அன்பில்தான், விளங்கவேண்டும் என்றுதான். தவிர, இவர்களுக்கு வாய் திறந்து நல்ல வார்த்தை சொன்னதே அவர்கள்தான். இந்தப் பிரச்சினையும் பழசு. எங்கட கதைகளுக்கு அடிக்குறிப்புப் போட்டால்தான் விளங்கும் என்று அங்கேயிருந்து சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இங்கேயே பண்டிதர்கள் பேச்சுத்தமிழில் எழுதினவர்களைப் பார்த்து 'இழிசனர் வழக்கு' என்றார்கள். 1960களில் மரபுப் போராட்டம் என்று நாங்கள் விரிவுரையில் படிக்கிறது அதைத்தான். டொமினிக் ஜீவா போன்றவர்கள் விட்டுக்கொடுக்காமல் எழுதினதால்தான் எங்கட பேச்சு புத்தகத்துக்குள் வந்தது. அந்த நாளில் எதிரில் நின்றது பண்டிதர்கள், சண்டை பிடிக்கலாம். இப்ப எதிரில் நிற்கிறது ஐந்து ஸ்டாரும் ஒரு இதயமும். அதோட எப்படிச் சண்டை பிடிக்கிறது?

அப்ப எங்கட வாசகர்கள் எங்கே? இருக்கிறோம். நானே நேரில் பார்த்திருக்கிறேன்: பஸ்ஸில், நூலகத்தில், சலூனில் காத்திருக்கிற நேரத்தில், ஃபோனில் அதே தொடர்களை வாசிக்கிற ஆக்கள். ஆனால் வாய் திறக்கிறதில்லை. ஸ்டார் போடுகிறதுமில்லை. யாராவது பார்த்தால் "சும்மா தட்டிப் பார்த்தனான்" என்று சொல்லி மூடிவிடுகிறது. காதல் கதை வாசிக்கிறது வெட்கமாம். பிறகு எப்படி அவளுக்குத் தெரியும், 'மறுகா' என்ற சொல் விளங்கி, அந்த இடத்தில் நெஞ்சு அடைத்துப்போன ஆக்களும் அந்த அத்தியாயத்தை வாசித்தார்கள் என்று? அவளுடைய கணக்கில் வாசகர் என்றால் கருத்து எழுதுகிற ஐந்து பேர். அவர்களுக்கு விளங்கவேண்டும் என்று எழுதுகிறாள். அதைப் பிழை என்று எப்படிச் சொல்லுவது?

அப்படியே வாய் திறந்தாலும் நாங்கள் திறம் இல்லை. 'மறுகா'வுக்குச் சிரித்தவர்களில் யாழ்ப்பாணத்து ஆக்களும் இருந்தார்கள், "பேந்து எண்டு போடலாமே" என்று. மலையகத்தில் இருந்து எழுதுகிறவர்களின் தமிழைப் பார்த்து "இது இந்தியத் தமிழ்தானே" என்று சொல்லுகிறதும் நாங்கள்தான். முஸ்லிம் பிள்ளைகள் 'உம்மா', 'வாப்பா', 'ராத்தா' என்று எழுதினால் அதை "அவையின்ர கதை" என்று தனியாக ஒதுக்கி வைக்கிறதும் நாங்கள்தான்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கேள்வி கேட்கிறவர் சொல்லை எடுக்கச் சொல்லவில்லை. என்ன அர்த்தம் என்று மட்டும்தான் கேட்கிறார். பதில் சொல்லுங்கோ. "மறுகா எண்டா பிறகு, எங்கட பக்கம் அப்படித்தான் சொல்லுவம்." ஒரு வரி, பத்து செக்கன். அவர் அதை ரசிப்பார், அடுத்த அத்தியாயத்தில் தானே அந்தச் சொல்லைப் போட்டுக் கருத்து எழுதினாலும் எழுதுவார். எங்கட ஆக்கள் சென்னைத் தமிழைப் படம் பார்த்தே பழகவில்லையா? அவர்களுக்கும் எங்கட தமிழ் பழகும், நாங்கள் அழிக்காமல் விட்டால்.

போன மாதம் தோட்டத்தில் நடக்கிற தொடர் ஒன்று வாசித்தேன். அதில் 'பிரட்டு' என்ற சொல் வருகிறது. வழக்கம்போல ஒருவர் அர்த்தம் கேட்டிருந்தார். எழுதியவர் சொல்லை மாற்றவில்லை. விடியக்காலம் எல்லாரும் ஒரு இடத்தில் கூடி நிற்பதையும், யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துவிடுவதையும், முந்தின காலத்தில் அதற்குத் தப்பு அடித்துக் கூப்பிடுவதையும் நான்கு வரியில் பதிலாக எழுதியிருந்தார். அதற்குக் கீழேதான் எனக்குச் சந்தோசம். அதுவரை அந்தத் தொடரில் ஒரு சொல்லும் எழுதாத ஆக்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். "எங்க தோட்டத்துல ஆறரைக்கு." "எங்களுக்கு ஏழு." "இப்ப எங்கங்க பிரட்டு, நேரா மலைக்குத்தான் போறோம்." "எங்க தாத்தாதான் தப்பு அடிச்சவரு, அத எழுதுவீங்களா அக்கா?"