'தான்' என்னும் அமானிதம்

நோய்களுள் கொடியது எது என்று வினவினால், உயிரைப் பறிப்பதே கொடியது என்போம். உண்டு, உடுத்து, உலாவிக்கொண்டிருக்கும் மனிதனை உள்ளிருந்தே அரிக்கும் நோய் ஒன்று உண்டென்றும், அதன் பெயர் விரக்தி என்றும் உரைத்தவர் டென்மார்க் நாட்டுக் கிறித்தவச் சிந்தனையாளர் சோரன் கீர்க்கேகார்ட் (1813–1855). இருத்தலியலின் முன்னோடி எனப் போற்றப்படும் இவர், 1849ஆம் ஆண்டில் புனைபெயரில் வெளியிட்ட நூலுக்கு 'மரணத்துக்கு ஏதுவான வியாதி' என்னும் பொருள்பட பெயரிட்டார். லாசருவின் நோய் குறித்து யோவான் நற்செய்தியில் இயேசு கூறும் சொல்லே அத்தலைப்பின் மூலமாகும்.

இந்நோயை அவர் ஏட்டில் மட்டும் கற்றவர் அல்லர். அவருடைய தந்தை மிக்கேல், இளமையில் ஜட்லாந்துப் பொட்டல்வெளியில் ஆடு மேய்த்த ஏழைச் சிறுவர். பசியும் குளிரும் வாட்டிய ஒரு நாளில், குன்றின்மேல் நின்று இறைவனைச் சபித்துவிட்டார். பின்னர்க் கோபன்ஹேகன் நகரில் பெருவணிகராகிச் செல்வம் குவித்தார். ஆயினும் அந்தச் சொல்லை எண்பது வயதைக் கடந்தும் அவரால் மறக்க இயலவில்லை. மக்கள் எழுவருள் ஐவர் தம் கண்முன்னே மறைந்தபோது, இஃது இறைத்தண்டனையே என நம்பி நொந்தார். வறுமை தீர்ந்த பின்னும் விரக்தி தீரவில்லை. இந்த இல்லத்தில் வளர்ந்த மகன்தான் விரக்தியின் வேரைத் தேடினார்.

மனிதனுள் எல்லையுள்ளதும் எல்லையற்றதும், காலத்துக்கு உட்பட்டதும் நித்தியமானதும் இணைந்துள்ளன. அவ்விணைப்பு தன்னோடு தானே கொள்ளும் உறவே 'தான்' என்பது. அதனை மனிதன் தானே ஆக்கிக்கொள்ளவில்லை. அஃது இறைவனால் நிறுவப்பட்டது. அவ்வுறவு பிறழும்போது விரக்தி பிறக்கிறது. தனக்கு இப்படியொரு 'தான்' உண்டென்றே அறியாதிருப்பது ஒரு வகை. தானாக இருக்க விரும்பாமல் ஒளிவது மற்றொரு வகை. நிறுவியவனையே எதிர்த்து, 'நானே எனக்கு எல்லாம்' எனச் செருக்குவது மூன்றாம் வகை.

சீசராக வேண்டும், இல்லையேல் ஒன்றுமில்லை என்றிருப்பவனை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவன் சீசராகவில்லை, விரக்தியுறுகிறான். உண்மையில் பதவி கிட்டாமை அவன் துன்பத்தின் வேர் அன்று. சீசராக முடியாத அந்தத் 'தான்'தான் அவனுக்குப் பொறுக்கவில்லை. 'மருத்துவம் கிடைக்கவேண்டும், இல்லையேல் வாழ்வே இல்லை' என்று தேர்வு முடிவுநாளில் கலங்கும் நம் பிள்ளைகளின் நிலையும் இதுவே அன்றோ! மதிப்பெண்ணே 'தான்' என்று அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? பெற்றோரும் ஆசிரியருமாகிய நாமே.

கீர்க்கேகார்டின் மற்றொரு கருத்து இன்னும் கூர்மையானது. கை, கால், காசு எதை இழந்தாலும் மனிதன் உடனே உணர்கிறான். தன்னையே இழப்பதோ ஓசையின்றி நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே தோற்றவனை மட்டுமன்றி வென்றவனையும் நாம் கவனிக்க வேண்டும். (மனச்சோர்வு என்னும் நோய்க்கு மருத்துவரை நாடுவதே முறை, அதனை இதனோடு குழப்பலாகாது.)

கொள்கையில் அவருக்கும் நமக்கும் வேறுபாடுகள் உண்டு. ஆயினும் பாவத்தின் எதிர்ச்சொல் நற்குணம் அன்று, ஈமானே என்ற பொருளில் அவர் கூறியது நம் செவிக்கு அந்நியம் அன்று. அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 19ஆம் வசனம், இறைவனை மறந்தோர் தம்மையே மறந்தோராய் ஆக்கப்பட்டதைச் சுட்டி எச்சரிக்கிறது. அஸ்ஸுமர் அத்தியாயத்தின் 53ஆம் வசனமோ, தமக்கே தீங்கிழைத்துக்கொண்டோரும் இறையருளில் நம்பிக்கை இழக்கலாகாது என அறிவுறுத்துகிறது. குன்றின்மேல் சபித்த அச்சிறுவருக்கு இந்த ஆறுதலை யாரேனும் உரிய காலத்தில் எடுத்துரைத்திருந்தால், ஒரு முதியவரின் இறுதிக்காலம் வேறாக அமைந்திருக்கலாம்.

மாணவச் செல்வங்களே! பட்டமும் பதவியும் நீங்கள் ஈட்டுபவை. 'தான்' என்பதோ உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஈட்டியதை இழந்தால் மீண்டும் ஈட்டலாம். அமானிதத்தைப் பேணுங்கள், தந்தவன் அருளாளன் என்பதை மறவாதீர்கள். அவர்கள் மனம் தளரும் வேளையில் மதிப்பெண்ணைக் கேட்குமுன் மனத்தைக் கேட்பது பெரியோராகிய நம் கடன்.