டிவிடெண்டு மோகம்

திருவண்ணாமலை தேரடி வீதியில் முன்னாட்களில் நெல் விலையும் மணிலாக் கொட்டை விலையும் பேசப்பட்ட கடைத் திண்ணைகளில் இப்பொழுது பம்பாய்ப் பங்கு மார்க்கெட்டின் விலைகள் பேசப்படுகின்றன. பென்ஷன் பெறும் உபாத்தியாயர்களும் சில்லறை வியாபாரிகளும் கையிலுள்ள டெலிபோனிலேயே பங்கு வாங்கி விற்கின்றனர். அவர்களிற் பலர் நம்மைக் கேட்பது ஒரே கேள்வி. “டாட்டா கன்ஸல்டன்ஸி கம்பெனி ஒரு பங்குக்கு 126 ரூபாய் டிவிடெண்டு கொடுத்ததாமே, நாமும் வாங்கினால் என்ன?”

கொடுத்தது மெய்தான். 2024-25ஆம் கணக்கு வருஷத்தில் அக்கம்பெனி பத்துப் பத்து ரூபாயாக மூன்று தவணையும், வருஷ முடிவில் 30 ரூபாயும், 2025 ஜனவரியில் விசேஷ டிவிடெண்டாக 66 ரூபாயும் அறிவித்தது. பங்கை 3,600 ரூபாய்க்கு வாங்கியவருக்கு இது நூற்றுக்கு மூன்றரை ரூபாய் பலன். ஆனால் விசேஷத்தை நீக்கிப் பார்த்தால் மிஞ்சுவது 60 ரூபாய். பலன் நூற்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்கும் குறைவு. விசேஷம் என்ற பெயரே அது நிச்சயமன்று என்பதைக் காட்டவில்லையா? 2022-23இல் அது 67 ரூபாய். அடுத்த வருஷம் 18 ரூபாய். பிறகு 66 ரூபாய். இத்தகைய வரவை நம்பி மாதச் செலவுக்குத் திட்டமிடும் குடும்பஸ்தர், ஏரி நிரம்பும் முன்னே நாற்று விட்டவரை ஒப்பார்.

இன்னொரு மயக்கமும் உண்டு. அதே பங்கின் விலை 3,000 ரூபாய்க்கு இறங்கிவிட்டால் பலன் 4.2 சதமாக உயர்ந்ததாகப் பட்டியல்கள் கூறும். கம்பெனி ஒரு காசேனும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. முன்னர் வாங்கியவரது மூலதனத்தில் 600 ரூபாய் கரைந்தது என்பதே அதன் பொருள். டிவிடெண்டுக்குக் குறித்த தேதிக்கு முதல் நாள் வாங்கி, மறுநாள் விற்றுவிடலாமென்று சிலர் எண்ணுகின்றனர். டிவிடெண்டு உரிமை நீங்கிய அன்று காலையில் மார்க்கெட் ஏறத்தாழ அத்தொகையை விலையிலிருந்து கழித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டு பெறுபவரின் சொந்த வருமானத்துடன் சேர்க்கப்பட்டு அவரவர் விகிதப்படி வருமான வரிக்கு உட்படுகிறது. அதற்கு முன் கம்பெனியே விநியோக வரியைச் செலுத்தி வந்தது.

இவ்வளவு கூறுவதனால், கம்பெனிப் பங்குகளே கூடாவென்பது நமது அபிப்பிராயமென எவரும் கொள்ள வேண்டாம். மாதம் நூற்றுக்கு 25, 30 ரூபாய் தருவதாகச் சொன்ன ஆருத்ரா நிறுவனத்தின் விவகாரம் 2022இல் வெளிப்பட்டபோது, நமது ஜில்லாவில் ஆரணி முதலிய ஊர்களில் எத்தனை வீடுகள் கலங்கின! அதனருகில் வைத்தால், வருஷத்திற்கு நூற்றுக்கு மூன்றரை என்பது அற்பமாயினும் நாணயமான கணக்கு. இன்போஸிஸ் கம்பெனி 1993இல் 95 ரூபாய்க்குப் பங்கு விற்க வந்தபோது, ஜனங்கள் முழுவதையும் வாங்க முன்வரவில்லை. துணிந்து வாங்கிப் பொறுத்திருந்தவர்கள் பின்னர் செல்வரானது டிவிடெண்டினால் மாத்திரமன்று. கம்பெனி வளர்ந்ததாலும் போனஸ் பங்குகளாலுமே. 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனிக்காக 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளை விற்கப் புறப்பட்டபோது, டிவிடெண்டு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு நின்றவர்களை மட்டும் நம்பியிருந்தால் கப்பல் வாங்கியிருக்க முடியுமா?

இங்கே பெரிய கேள்வி ஒன்று எழுகிறது. டாட்டா கன்ஸல்டன்ஸியின் அவ்வருஷத்து நிகர லாபம் சுமார் 48,500 கோடி ரூபாய். டிவிடெண்டாகப் போனது சுமார் 45,500 கோடி. நூறு ரூபாய் லாபத்தில் ஏறக்குறைய 94 ரூபாய் வெளியே சென்றுவிட்டது. அதில் நூற்றுக்கு 72 வீதம் டாட்டா ஸன்ஸுக்குப் போகிறது. அந்த ஸ்தாபனத்தின் மூன்றில் இரு பங்கு தர்ம டிரஸ்டுகளின் கையிலிருப்பதால், அப்பணத்தில் ஒரு பகுதியேனும் ஆஸ்பத்திரிக்கும் கல்விக்கும் சென்று சேர்கிறது. இதை மறுப்பது நியாயமாகாது. சும்மா கிடக்கும் பணத்தைச் சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுப்பதும் யோக்கியமான காரியமே. ஆயினும், செயற்கை அறிவு இயந்திரங்களின் பொருட்டு அமெரிக்கக் கம்பெனிகள் மலை மலையாகப் பணத்தைக் கொட்டும் காலத்தில், நமது முதன்மையான கம்பெனி தன் லாபத்தில் நூற்றுக்கு ஆறு ரூபாயே வைத்துக்கொண்டது போதுமா? 2025 ஜூலையில் அதே கம்பெனி தன் சிப்பந்திகளில் நூற்றுக்கு இருவர் வீதம் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அவ்வருஷம் அக்டோபரில் பெரிய தகவல் நிலையங்கள் அமைக்க முதலிடப் போவதாகவும் கூறியிருக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம். சற்றுத் தாமதமாயிற்று என்பதே நமது குறை. இஞ்சினீயர் பட்டம் பெற்று வேலை தேடும் நம் ஊர்ப் பிள்ளைக்கு, தகப்பனாருக்கு வரும் டிவிடெண்டைவிட இதுவல்லவா முக்கியம்?

கடைசியாக, வக்கீல் தொழிலில் அடிக்கடி நம் கண்ணில் படும் ஒரு சங்கடம். காலஞ்சென்ற தந்தையின் பெட்டியிலிருந்து பழுப்பேறிய பங்குப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வருகின்றனர். விலாசம் மாறியதாலோ, பாங்கிக் கணக்கு மூடப்பட்டதாலோ டிவிடெண்டு வந்து சேரவில்லை. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி ஏழு வருஷம் தொடர்ந்து கேட்கப்படாத டிவிடெண்டும் அதற்குரிய பங்குகளும் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடுகின்றன. உரிமை அழிவதில்லை, கேட்டுப் பெறலாம். ஆனால் வாரிசுச் சான்றும் கையெழுத்து அத்தாட்சியுமாக அலைந்து, பாதி வழியில் கைவிட்டவர்களை நாமறிவோம். இந்நிதியின் அதிகாரிகள் 2025இல் புனாவிலும் ஐதராபாத்திலும் முகாம்கள் நடத்தி முதலீட்டாளருக்கு உதவினர். அத்தகைய முகாமொன்று நமது ஜில்லாத் தலைநகரிலும் நடைபெற வேண்டும். அதற்கு ஜில்லா கலெக்டர் எழுதிக் கேட்பாரென நம்புகிறோம்.