வலிக்கு மார்க்

'தகுதி' என்ற சொல்லை யாராவது அழுத்தி உச்சரித்தால் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் எதையோ மறைத்து வைத்துக்கொண்டு பேசுகிறார்களோ என்று.

போன மாதம் வைகை எக்ஸ்பிரஸில் எனக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், படிப்பாளி. தம் பொட்டலத்திலிருந்து இரண்டு இட்லியை எடுத்து எனக்கும் வைத்த நல்ல மனிதர். பேச்சு மருத்துவக் கல்லூரி அட்மிஷன் பக்கம் திரும்பியதும் அவர் குரல் மாறிவிட்டது.

"மற்ற வேலையெல்லாம் யாருக்கு வேணுமானாலும் கொடுங்க சார். இது உயிர் விஷயம். கோட்டாவிலே வந்தவன் கையிலே கத்தியைக் கொடுத்துட்டு நீங்க மேஜை மேலே படுப்பீங்களா?"

"படுப்பேன்" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், எழுபது வயது தாண்டிய என் தாயாரை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பார்த்த இளம் டாக்டர் கெட்டிக்காரர், பொறுமைசாலியும்கூட. அவர்மீது எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. "எங்கே பாட்டி வலிக்குது?" என்று கேட்டார். "முதுகு கழண்டு விழுறாப்புல இருக்குய்யா. தாடை கடுக்குது. சோறு தண்ணி எறங்கல" என்றாள் அம்மா. "வலி எவ்வளவுன்னு ஒண்ணுலேருந்து பத்துக்குள்ளே ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "வலிக்குமாய்யா மார்க்குப் போடச் சொல்றாக?" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, காலையில் வந்து பார்க்கச் சொன்னார்.

வராந்தாவில் நின்று அம்மா அதே புலம்பலைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வழியாகப் போன பயிற்சி டாக்டர் ஒருவர், இருபத்து மூன்று வயதுப் பெண், சட்டென்று நின்றார். "அப்பத்தா, தாடை எப்பலேருந்து கடுக்குது? உடம்பு வேர்த்துச்சா? நடந்தா கூடுதா?" என்று கேட்டார். பதிலை முழுக்கக் கேட்காமலே அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு!

பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலி பிரதானமாக இல்லாமல் தாடையிலும் முதுகிலும் வலி, குமட்டல், மூச்சுத் திணறல் என்று வேறு வேஷங்களிலும் வரலாம். இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. முதல் டாக்டரும் அதைப் படித்துப் பாஸ் செய்தவர்தான். ஆனால் புத்தகம் அதை இங்கிலீஷில் சொல்லியிருந்தது; 'கடுக்குது' என்று சொல்லவில்லை. அந்தப் பெண் கூலிக்காரர் வீட்டில் பிறந்து, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, இட ஒதுக்கீட்டில் இடம் வாங்கி வந்தவர் என்பது பின்னால் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவருடைய அப்பத்தாவும் கடுக்குது என்றுதான் சொல்லுவாளாம்.

'ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு நியாயம் பேசலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். பேச வேண்டாம். என் வீட்டை விட்டு லண்டனுக்குப் போவோம்.

தோல் வியாதிகளைப் பற்றிய பாடங்களில் 'சிவந்து காணும்' என்று ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வரும். எந்தத் தோல் சிவந்து காணும்? வெள்ளைத் தோல். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற கறுப்பின மாணவர், 'என் போன்றவர் தோலில் இது எப்படித் தெரியும்?' என்று கேட்டார். 2020-ல் ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து, கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தோன்றும் என்று ஒரு கையேடே வெளியிட்டார். எத்தனையோ தலைமுறை பாடம் நடந்த வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்க, அந்தத் தோலோடு ஒருவன் பெஞ்சில் வந்து உட்கார வேண்டியிருந்தது!

அதே வருஷம் அமெரிக்க டாக்டர்கள் இன்னொன்றைக் கண்டு சொன்னார்கள். கொரோனாக் காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிக்கொண்டு பயந்தோமே, ஆக்ஸிஜன் அளக்கும் அந்தச் சின்னக் கருவி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருப்பதைக் கறுப்பின நோயாளிகளிடம் கவனிக்காமல் விட்டது, வெள்ளையரிடம் விட்டதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கருவிக்குச் சாதித் துவேஷமோ நிறத் துவேஷமோ கிடையாது. ஆனால், அதற்குக் கறுத்த தோல் சரியாகப் பழக்கமில்லை. பழக்கமில்லாமையும் ஆளைக் கொல்லும்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் மருத்துவக் கல்லூரியில் சேர்ப்பது ஏழைகளுக்குப் போடும் பிச்சை அல்ல. மருத்துவத்துக்குச் செய்யும் வைத்தியம். ஒரே மாதிரித் தெருவிலிருந்து, ஒரே மாதிரிப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் மட்டும் கூடிப் படிக்கிற கல்லூரிக்கு மருத்துவமே குறைவாகத்தான் தெரியும்.

இனி பெரியவரின் கத்திக்கு வருகிறேன். கோட்டா என்பது கல்லூரிக்குள் நுழைகிற வாசலில் இருக்கிறது. வெளியே வருகிற வாசலில் இல்லை. எம்.பி.பி.எஸ். பரீட்சையில் பாஸ் மார்க் எல்லாருக்கும் ஒன்றுதான். 69 சதவிகித இட ஒதுக்கீட்டை 1993-ல் சட்டமாகவே இயற்றிக்கொண்ட ராஜ்யம் தமிழ்நாடு. இவர்கள் பயப்படுகிறபடி நடப்பதாயிருந்தால் இங்கே ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்திருக்க வேண்டும். 2020-ஆம் வருஷக் கணக்குப்படி, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை இந்தியா முழுவதிலும் சராசரி 28, தமிழ்நாட்டில் 13. இட ஒதுக்கீடுதான் இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது என்று நான் கதை கட்டவில்லை. அது யாரையும் கொல்லவில்லை என்பதற்கு மட்டும் இந்தக் கணக்குப் போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2023 செப்டம்பரில், மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று சொல்லி, நீட் மேற்படிப்புத் தேர்வின் தகுதிக் கோட்டை மத்திய சர்க்கார் பூஜ்யம் பெர்சன்டைலுக்கு இறக்கியது. அதாவது, தேர்வு எழுதியவர் அத்தனை பேரும் தகுதியுள்ளவர்கள்! இது பெரியவருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. கோடிக் கணக்கில் பணம் கட்டிச் சேர்ந்த டாக்டரிடம் 'உன் மார்க் என்ன?' என்று எந்த நோயாளியாவது கேட்டிருக்கிறாரா? காலி இடத்துக்காகத் தகுதி இறங்கலாம், பணத்துக்காக இறங்கலாம், சேரிப் பையனுக்காக ஒரு படி இறங்கினால் மட்டும் வானம் இடிந்து விழும்! இதற்குப் பெயரா ஐயா தகுதி?

இந்தப் பயம் புதிதும் அல்ல. தேவதாசி குலத்துத் தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமியைப் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்த்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்த்தார்கள். அவர் 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து, 1912-ல் டாக்டரானார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த அக்காளின் பிடிவாதத்தால் 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. எதிர்த்தவர்களின் வாரிசுகளும் அங்கே போய்ச் சிகிச்சை பெற்றிருப்பார்கள். பெறட்டும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கட்டிய வாசல் யாருக்கும் மூடியதல்ல.

ஆனால் உள்ளே விட்டுவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடுமா? நீட் வந்த 2017-க்குப் பிறகு சர்க்கார் பள்ளிகளிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலைமை இருந்தது. 2020-ல் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்ததும் முதல் வருஷத்திலேயே முந்நூறுக்கு மேல் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். மகிழ்ச்சி. அதுவரை தமிழில் படித்த பெண்ணிடம் முதல் நாளே தலையணை கனத்துக்கு இங்கிலீஷ் உடற்கூற்றுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் 'இதுகளெல்லாம் எதற்கு வந்தன?' என்று முணுமுணுத்தால் அந்த மகிழ்ச்சிக்கு என்ன அர்த்தம்? டில்லி எய்ம்ஸில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் பாரபட்சமாக நடத்தப்படுவதை விசாரித்த தோரட் குழு, விடுதியிலிருந்து வாய்மொழித் தேர்வு வரை அந்தப் பாகுபாடு பரவியிருப்பதாக 2007-ல் அறிக்கை கொடுத்தது. தேசத்தின் முதல் மருத்துவக் கல்லூரியில் இந்தக் கதி!

ஆகையால் கதவைத் திறந்துவிட்டோம் என்று மார்தட்டுகிறவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. முதல் வருஷத்தில் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் போடுங்கள். 'எந்தக் கோட்டா?' என்று கேட்கிற வாத்தியாரின் வாயை அடக்குங்கள். பெஞ்சில் மட்டுமல்ல, பேராசிரியர் நாற்காலியிலும் அந்தப் பிள்ளைகள் உட்காரும் நாளைக் கொண்டு வாருங்கள். நோயாளியின் பேச்சைப் புரிந்துகொள்வதையும் ஒரு பாடமாக்கி, மற்றப் பாடங்களுக்குப் போலவே அதற்கும் மார்க் போடுங்கள். அந்தப் பரீட்சையில் யார் முதலாவதாக வருகிறார்கள் என்று அப்புறம் பார்க்கலாம்.

நான் இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்போடு நின்றவன். மருத்துவம் அறியேன். ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒரு மனுஷியையே தவறவிட்டுவிடலாம் என்பதை மட்டும் என் தொழிலும் அந்த வராந்தாவும் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

பெரியவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தாம்பரத்தில் இறங்க எழுந்தவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

"என்ன செய்யுது?" என்றேன்.

"என்னமோ சார், ராத்திரியானா உள்ளுக்குள்ளே குடையுது" என்றார்.

குடைகிறது என்றால் என்ன என்று தெரிந்த ஒரு டாக்டர் அவருக்குக் கிடைக்க வேண்டுமே என்று நான் மனசார வேண்டிக்கொண்டேன்.