ஆறு கோல் வாங்கினாலும் பாதியில் எழுந்து வர மாட்டேன்



வர்ற வெள்ளிக்கிழமை நம்ம பள்ளிப் பெண்கள் ஹாக்கி அணி கோவில்பட்டியில் விளையாடப் போகிறது. (சான்றிதழில் வளைகோல்பந்து என்று போடுவார்கள். நாம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.) எதிரணி யார் என்று போர்டில் எழுதிப் போட்டதிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரே பேச்சு. "போன வருசம் ஆறு, இந்த வருசம் எத்தனை?" என்று பையன்கள் பந்தயம் கட்டுகிறார்கள். ஒரு ஆசிரியர்கூட, "போய் பத்திரமா தோத்துட்டு வாங்கம்மா" என்று சொல்லிச் சிரித்தார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கோல்கீப்பர் அக்கா சிரிக்கவில்லை. நான் பார்த்தேன்.

நான் அணியில் இல்லை. ஓடினால் எனக்கு மூச்சு வாங்கும். நான் வெறும் ரசிகைதான். ரசிகைக்கும் ஒரு கருத்து இருக்கக் கூடாதா?

எதிரணி பலமானதுதான், அதை மறைக்க வேண்டாம். அவங்க தினமும் டர்ஃப்ல பயிற்சி எடுக்கிறாங்க. நமக்குக் கரிசல் மண் மைதானம். மழை பெய்தால் ஒரு வாரத்துக்குக் கால் வைக்க முடியாது. காய்ந்தாலோ பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று பந்துக்கே தெரியாது. டர்ஃபில் அதே பந்து வழுக்கிக்கொண்டு பாயும். அதனால் "கண்டிப்பா ஜெயிப்போம்" என்று கத்துவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிக் கத்துகிறவர்கள்தான் முதல் கோல் விழுந்ததும் முதலில் வாயை மூடுகிறார்கள்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது, 2021 ஆகஸ்ட் 2, டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் அணிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் காலிறுதி நடந்தது. கொரோனா லீவு என்பதால் காலையிலேயே அத்தை வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். ஆஸ்திரேலியா மூன்று முறை ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணி. அந்த ஒலிம்பிக்கிலும் லீக் ஆட்டம் ஐந்தையும் ஜெயித்து வந்திருந்தது. நாம் முதல் மூன்று ஆட்டமும் தோற்றவர்கள். நெதர்லாந்திடம் மட்டும் ஐந்து கோல்! பிறகு அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் ஜெயித்து, அயர்லாந்து பிரிட்டனிடம் தோற்றதால்தான் உள்ளேயே வந்தோம். மாமா "இன்னைக்கு எத்தனை வாங்கப் போறாங்களோ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு பெனால்டி கார்னர். 22-ஆவது நிமிடம் குர்ஜித் கவுர் அதைக் கோலாக்கினார். அதற்கப்புறம் முக்கால்வாசி நேரம் பந்து நம்ம பக்கம்தான். கோல்கீப்பர் சவிதா புனியா விடவே இல்லை. 1-0. நம் பெண்கள் ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. மாமாவுக்கு அந்தக் கோலைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இதைச் சொன்னால், "அப்ப நாமளும் ஜெயிப்போமா?" என்று கேட்காதீர்கள். அதே அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 2-1, வெண்கல ஆட்டத்தில் பிரிட்டனிடம் 4-3 என்று தோற்றது. 2024 ஜனவரியில் ராஞ்சியில், நம்ம ஊர்க் கூட்டத்துக்கு முன்னாலேயே, ஜப்பானிடம் 1-0 என்று தோற்று பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போக முடியாமல் ஆனது. ஹாக்கியில் ஒரு கோல்தான் அங்கேயும் இங்கேயும் வித்தியாசம். அந்த ஒரு கோல் எப்போ வரும், யாருக்கு வரும் என்று வெளியே நிற்கிற நாம் முன்கூட்டியே முடிவு பண்ணுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருசம் அந்த ஆட்டத்துக்கு நாங்கள் பதினோரு பேர் போனோம். இடைவேளைக்குள் ஐந்து கோல். "வாடி போலாம், வெயிலு மண்டையப் பொளக்குது" என்று முதலில் எழுந்தவள் நான்தான். எல்லோரும் ஐஸ் வாங்கப் போய்விட்டோம். இரண்டாம் பாதியில் நாம் வாங்கியது ஒரே ஒரு கோல்! அக்கா எத்தனை பந்தைத் தடுத்தார், எப்படித் தடுத்தார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் கேட்டேன். "திரும்பிப் பாத்தேன், வேப்பமரத்தடி காலியா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். நம்மிடம் இருக்கிற பேடு அவருக்கு ஒரு சைஸ் பெரிசு.

இந்த வருசம் அவர் பத்தாம் வகுப்பு. நம்ம பள்ளிக்காக அவர் விளையாடும் கடைசி வருசம்.

பார்வையாளர்களுக்கும் பஸ் கேட்டு பி.டி. சார் தலைமை ஆசிரியரிடம் மனு கொடுத்திருக்கிறார். பெயர் குறைவாக இருந்தால் பஸ் கிடையாது. வருகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் என்னிடம் பெயர் கொடுங்கள். பந்தயம் கட்டிய பையன்களும் வரலாம். காலரியில் கோல்கீப்பர் அக்காவுக்குப் பின்னால் உட்காருவோம். இடைவேளைக்கு அப்புறம் அணிகள் பக்கம் மாறும், அப்போது நாமும் எழுந்து அந்தப் பக்கம் போக வேண்டும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொண்டு வாருங்கள், அங்கே மரம் கிடையாது.