தெய்வமும் நிரூபணமும்

தந்தையான சிவனே சீடராய் நின்று பிரணவத்தின் பொருளைக் கேட்க, குமரன் குருவாய் அமர்ந்து உபதேசித்ததாகப் புராணம் கூறும் சுவாமிமலையில், தர்க்கமும் விஞ்ஞானமும் கடவுள் இல்லையென்று முடிவு கட்டிவிடுமா என்று வினவுவது அபசாரமாகாது.

விஞ்ஞானம் எதை மறுக்க வல்லது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். பெரியம்மையை மாரியம்மனின் சினமென்று மக்கள் நம்பிய காலம் உண்டு. அது வைரஸால் வருவதென்று கண்டறிந்து, தடுப்பூசியால் அதை ஒழித்து, 1980இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதன் முடிவைப் பிரகடனம் செய்தபோது, பொய்த்துப்போனது நோயின் காரணத்தைப் பற்றிய நம்பிக்கையே; அம்மனுடைய இருப்பு அந்த ஆய்வுக்கு உட்படவே இல்லை.

தர்க்கத்தின் நிரூபணமும் அவ்வாறே. சுவாமிமலைக்கு அருகிலுள்ள கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் தம் கணித ஞானத்தை நாமகிரித் தாயார் என்னும் தெய்வத்தின் அருளென்றார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டியோ நாஸ்திகர். ஒரு முழு எண்ணை எத்தனை வகையில் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பதற்கு இருவரும் 1918இல் வெளியிட்ட தோராயச் சூத்திரம், ஒருவரது பக்தியாலோ மற்றவரது மறுப்பாலோ அன்றி, நிரூபணத்தாலேயே மெய்யாயிற்று.

ஆயினும், மறுக்க முடியாததெல்லாம் மெய்யென்று ஆஸ்திகர் ஆர்ப்பரிப்பதும் தர்க்கமாகாது; எந்தச் சோதனைக்கும் பிடிகொடாத கருத்து, அந்தக் காரணத்தாலேயே சோதனை தரும் சாட்சியத்தையும் இழக்கிறது. ஆகவே, இயற்கையைப் பற்றிய கூற்றுக்களை ஆய்வுக்கூடத்தின் தீர்ப்புக்கு விட்டுவிட்டு, விஞ்ஞானத்தின் பெயரால் கடவுளை நிறுவவோ நீக்கவோ முற்படாதிருப்பதே இரு திறத்தாருக்கும் நேர்மை.